‘ஸ்டாண்டர்ட்’ என்றால் உயர்ந்தது அல்ல: புதிய கருவிகளையும் நவீன வடிவமைப்பையும் இங்கிலீஷில் சொல்லக் கற்பது

கோயம்புத்தூரில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையில் நான் விற்பனையாளராகச் சேர்ந்த புதிது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் மிக்சி வாங்க வந்தார். இருப்பதிலேயே நல்லதை எடுத்து மேசைமேல் வைத்து, “திஸ் இஸ் எ வெரி ஸ்டாண்டர்ட் மாடல், சார்” என்றேன். அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இதைவிட நல்லதாக எதுவும் இல்லையா என்று கேட்டார். இல்லை என்றதும் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என்ன தப்பு நடந்தது என்று புரிய எனக்குச் சில வருடம் ஆனது. நம் ஊரில் “ஸ்டாண்டர்டா இருக்கு” என்றால் தரம் உயர்ந்தது என்று பொருள். இங்கிலீஷில் ஒரு பொருளை ‘ஸ்டாண்டர்ட்’ என்றால், சாதாரணமானது, கூடுதலாக எதுவும் இல்லாதது என்று பொருள். நான் புகழ்வதாக நினைத்துச் சொன்னது, “இது ரொம்பச் சுமாரான மாடல்” என்று அவர் காதில் விழுந்திருக்கிறது.

இப்போது மாலை நேரங்களில், வேலை தேடும் பிள்ளைகளுக்குப் பேச்சு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். ஒரு ஃபோனையோ நாற்காலியையோ கட்டடத்தையோ காட்டி “இதைப் பற்றிச் சொல்லு” என்றால் பெரும்பாலும் “சூப்பர்”, “வெரி நைஸ்”, “வெரி மாடர்ன்” என்று மூன்று சொற்களோடு நின்றுவிடுகிறார்கள். சொல் தெரியாதது அதற்குப் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, ஏற்கெனவே தெரிந்த சொல் வேறு பொருளில் நம் நாக்கில் ஊறிப்போயிருப்பது. அதனால் புதுச் சொற்களை அடுக்குவதற்கு முன் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

முதல் படி: தெரிந்த சொற்களைச் சரிபாருங்கள்

ஜவுளிக் கடையில் ‘வெயிட்லெஸ் சேலை’ என்று கேட்டுப் பழகியவர்கள் லேசான லேப்டாப்பையும் ‘வெயிட்லெஸ்’ என்கிறார்கள். இங்கிலீஷில் ‘வெயிட்லெஸ்’ என்பது விண்வெளி நிலையத்தில் மிதக்கும் ஆளின் நிலை, எடையே இல்லாதது. லேசான பொருளுக்குச் சொல் ‘லைட்’ அல்லது ‘லைட்வெயிட்’. “இட்ஸ் எ லைட்வெயிட் லேப்டாப்” என்றால் போதும்.

‘ஹைஃபை’யும் இப்படித்தான். நமக்கு அது பணக்காரத் தோரணை. அங்கே அது ‘ஹை ஃபிடெலிட்டி’ என்பதன் சுருக்கம்: பதிவான ஒலியைச் சிதைக்காமல் திருப்பித் தரும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் போன்றவற்றைக் குறிக்கும். தோரணையான ஹோட்டலை ‘போஷ்’ என்றோ ‘அப்மார்க்கெட்’ என்றோ சொல்லுங்கள். ‘ஃபேன்சி’ என்றும் சொல்லலாம். நம் ஊர் ஃபேன்சி ஸ்டோரில் வளையலும் பொட்டும் விற்றாலும், அங்கே ‘எ ஃபேன்சி ரெஸ்டாரன்ட்’ என்றால் ஆடம்பரமான உணவகம்தான்.

‘ரிச் லுக்’ என்பது நம் விளம்பரங்களில் வராத நாளில்லை. இங்கிலீஷில் ‘ரிச்’ என்பது ஆளுக்கும், உணவின் சுவைக்கும், ஆழமான நிறத்துக்கும் இயல்பாக வரும். ஒரு ஃபோன் விலை உயர்ந்ததாகத் தெரிந்தால் “இட் லுக்ஸ் பிரீமியம்” என்பார்கள். ஆடம்பர ரகத்துக்கு ‘ஹை-எண்ட்’. ‘டீசன்ட்’ என்று நாம் சொல்வது அடக்கமான, கௌரவமான தோற்றத்தை. அங்கே “எ டீசன்ட் கேமரா” என்றால் பரவாயில்லை, காசுக்குக் குறைவில்லை என்ற அளவுக்குத்தான். மிகச் சிறந்த கேமராவை ‘டீசன்ட்’ என்றால் குறைத்துச் சொன்னதாகிவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ரிப்பேர்’. “ஃபோன் ரிப்பேர் ஆயிடுச்சு” என்பதை அப்படியே “மை ஃபோன் காட் ரிப்பேர்ட்” என்று மாற்றினால், ஃபோன் சரியாகிவிட்டது என்று நேர் எதிராகப் போய்விடும். “மை ஃபோன் இஸ் புரோக்கன்” அல்லது “இட்ஸ் நாட் ஒர்க்கிங்” என்பதே சரி.

‘சீப்’ என்ற சொல்லில் மட்டமானது என்ற வாடை உண்டு. விலை குறைவு, ஆனால் நல்ல பொருள் என்று சொல்ல ‘அஃபோர்டபிள்’ அல்லது ‘இன்எக்ஸ்பென்சிவ்’. போலியை ‘டூப்ளிகேட்’ என்கிறோம். அங்கே அது வெறும் நகல், சாவிக்குக்கூட டூப்ளிகேட் உண்டு. போலிக்கு ‘ஃபேக்’ என்ற சொல் எங்கும் செல்லும். ஃபோன் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதற்கு ‘பேட்டரி பேக்கப்’ வேண்டாம், ‘பேட்டரி லைஃப்’ என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: அது என்ன பொருள்?

அடைமொழிக்கு முன் பெயர்ச்சொல் சரியாக வர வேண்டும். ஒரு வேலைக்காக உருவான எந்தக் கருவியும் ‘டிவைஸ்’. ஃபோன், டேப்லெட், மருத்துவமனையில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி எல்லாம் அதில் அடங்கும். வீட்டு வேலை செய்யும் மின்சாதனங்கள், அதாவது ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவை ‘அப்ளையன்ஸ்’. சின்னதாக, புதுமையாக, ஆசையைத் தூண்டுவதாக இருந்தால் ‘கேட்ஜெட்’. இந்தச் சொல் 19ஆம் நூற்றாண்டு மாலுமிகளிடம் புழங்கியது. பெயர் சட்டென நினைவுக்கு வராத சிறு பாகத்தை, நாம் “அந்த இதை எடு” என்று கேட்பதுபோல, அவர்கள் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். இன்றைக்கும் அதில் அந்த விளையாட்டுத்தனம் ஒட்டியிருக்கிறது. அதனால் அறுவைச் சிகிச்சைக் கருவியை ‘கேட்ஜெட்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

‘எக்விப்மென்ட்’, ‘ஃபர்னிச்சர்’, ‘சாஃப்ட்வேர்’, ‘ஹார்ட்வேர்’ ஆகியவற்றுக்குப் பன்மை கிடையாது. ‘எக்விப்மென்ட்ஸ்’ என்று நம் ஊர்ப் பலகைகளில் எழுதியிருந்தாலும் நீங்கள் எழுத வேண்டாம். எண்ணிக்கை தேவையானால் ‘எ பீஸ் ஆஃப் எக்விப்மென்ட்’.

அப்புறம், நம் வீட்டுப் பெயர்கள் சில கடல் தாண்டினால் புரியாது. ‘மிக்சி’க்கு ‘பிளெண்டர்’. ‘பென் டிரைவ்’ என்பதற்கு ‘யூஎஸ்பி ஸ்டிக்’ அல்லது ‘ஃபிளாஷ் டிரைவ்’. ‘பீரோ’ என்றால் பிரிட்டன்காரர் எழுதும் மேசையையும் அமெரிக்கர் இழுப்பறைப் பெட்டியையும் நினைப்பார்கள். துணி வைக்கும் பீரோவுக்கு ‘வார்ட்ரோப்’ பொருத்தம். ‘கரண்ட் போயிடுச்சு’ என்பதற்கு “த பவர் இஸ் அவுட்”.

மூன்றாம் படி: எவ்வளவு புதிது?

இங்கேதான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் இங்கிலீஷில் புதுமைக்குப் பல படிகள் உண்டு. கடைக்கு இப்போதுதான் வந்தது ‘நியூ’. இதுவரை வந்தவற்றில் கடைசியாக வந்தது ‘லேட்டஸ்ட்’. இதை ‘லாஸ்ட்’ என்று சொன்னால், இனிமேல் அந்த மாடலே வராது என்று ஆகிவிடும். தொழில்நுட்பத்தில் முன்னேறியது ‘அட்வான்ஸ்ட்’. அந்தக் கடைசி ‘ட்’ முக்கியம். ‘அட்வான்ஸ்’ என்று நிறுத்தினால் வீட்டு உரிமையாளரிடம் கொடுக்கும் முன்பணம்தான் நினைவுக்கு வரும். ‘அட்வான்ஸ் டெக்னாலஜி’ என்று சுயவிவரக் குறிப்பில் எழுதியவர்கள் இன்றே திருத்திவிடுங்கள்.

அடுத்தது ‘ஸ்டேட்-ஆஃப்-த-ஆர்ட்’. எனக்கு மிகவும் பிடித்த தொடர் இது. ‘ஆர்ட்’ என்றதும் ஓவியம் என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். நாம் கட்டடக்கலை, சமையற்கலை, நெசவுக்கலை என்று சொல்கிறோமே, அந்தக் ‘கலை’தான் இது, கைத்தேர்ச்சியும் தொழிலறிவும். ஒரு கலை இன்று எந்த நிலையை எட்டியிருக்கிறதோ அதுதான் ‘ஸ்டேட் ஆஃப் த ஆர்ட்’. 1910இல் கேஸ் டர்பைன் பற்றி வெளியான ஒரு பொறியியல் நூலிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. அங்கே அது புகழ்ச்சி அல்ல. இந்தத் தொழில் இன்றுள்ள நிலையில் இவ்வளவுதான் செய்ய முடியும் என்று எல்லையைச் சொல்ல வந்தது. பிறகுதான் அது, அந்த எல்லையைத் தொட்ட பொருளுக்கு அடைமொழியாக மாறியது. காப்புரிமைச் சட்டத்தில் இன்றும் முன்பே தெரிந்த தொழில்நுட்பத்தை ‘பிரையர் ஆர்ட்’ என்றுதான் சொல்கிறார்கள்.

பயன்படுத்தும் முறை எளிது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வையுங்கள்: “எ ஸ்டேட்-ஆஃப்-த-ஆர்ட் ஆபரேஷன் தியேட்டர்”. அதற்கு முன்னால் ‘வெரி’ போடக்கூடாது, உச்சிக்கு மேல் உச்சி இல்லையே. ‘மோஸ்ட்’டும் வேண்டாம்.

‘கட்டிங்-எட்ஜ்’ என்பது கத்தியின் கூர் முனை. ஒரு துறை புதிதாக எதையோ கீறிக்கொண்டு போகும் இடம் அது. ஆய்வகத்தில் உள்ளவற்றுக்கும், இன்னும் எல்லார் கையிலும் வராதவற்றுக்கும் இது பொருந்தும். தெருவில் எல்லார் வீட்டிலும் இருக்கும் டிவி ‘கட்டிங்-எட்ஜ்’ ஆக முடியாது. அதற்கும் ஒரு படி மேலே ‘பிளீடிங்-எட்ஜ்’. இது, இன்னும் சோதித்து முடியாததால் பயன்படுத்துபவர் கையையே அறுத்துவிடக்கூடிய அளவுக்குப் புதியது. இது எச்சரிக்கையும் கலந்த சொல். பொருளை விற்கும் இடத்தில் இதைச் சொல்ல வேண்டாம்.

‘கிரவுண்ட்பிரேக்கிங்’ என்றால் மண்ணை முதன்முதலில் கொத்துவது. நம் பூமி பூஜையை இங்கிலீஷில் ‘கிரவுண்ட்பிரேக்கிங் செரிமனி’ என்றே சொல்வார்கள் என்பதை நினைவில் வைத்தால் இது மறக்காது. யாரும் கால் வைக்காத இடத்தில் முதலில் இறங்கிய செயலுக்கு இது பொருந்தும். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவத்துக்கு அருகே சந்திரயான்-3 இறங்கியதை “எ கிரவுண்ட்பிரேக்கிங் மிஷன்” என்று சொல்லலாம். புதிய நிறத்தில் வந்த இயர்ஃபோனை அப்படிச் சொல்ல முடியாது. ‘ரெவல்யூஷனரி’யும் அப்படித்தான், வந்த பிறகு பழைய வாழ்க்கை மாறிப்போயிருக்க வேண்டும். விளம்பரங்கள் இந்த இரண்டு சொல்லையும் அடித்துத் துவைத்துவிட்டதால், நேர்காணலில் இவற்றைத் தாராளமாக அள்ளி வீசுபவர்மேல் எதிரே இருப்பவருக்கு நம்பிக்கை குறையும். நான் என் மாணவர்களிடம், மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வேன்.

‘ஃபியூச்சரிஸ்டிக்’ தோற்றத்துக்கான சொல். எதிர்காலத்திலிருந்து வந்ததுபோல் தெரிவது. உள்ளே பழைய மோட்டார் இருந்தாலும் கார் ‘ஃபியூச்சரிஸ்டிக்’ ஆக இருக்கலாம்.

பழையதைச் சொல்லவும் தெரிய வேண்டும், அப்போதுதான் ஒப்பிட முடியும். பார்த்ததுமே எந்தக் காலத்துப் பாணி என்று தெரிந்தால் ‘டேட்டட்’. இன்றைய தேவைக்கு ஒத்துவராவிட்டால் ‘அவுட்டேட்டட்’. வேலை செய்தாலும் யாருக்கும் தேவைப்படாமல் போனால் ‘அப்சொலீட்’. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையில் நின்றபோது அது ‘அப்சொலீட்’ ஆகிப் பல வருடம் ஆகியிருந்தது. பழையதாக இருப்பதே பெருமை என்றால் ‘விண்டேஜ்’. புதிதாகச் செய்து பழைய தோற்றம் கொடுத்தால் ‘ரெட்ரோ’. 1950களிலிருந்து சென்னையில் உருவாகிவரும் புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தாத்தா 1960களில் வாங்கியது ‘விண்டேஜ் பைக்’. போன மாதம் ஷோரூமிலிருந்து அதே சாயலில் வந்தது ‘ரெட்ரோ-ஸ்டைல் பைக்’.

நான்காம் படி: கண்ணுக்கு எப்படி இருக்கிறது?

முதலில் கற்க வேண்டிய சொல் ‘ஸ்லீக்’. நன்றாகத் தீனி தின்று, தேய்த்துக் குளிப்பாட்டிய குதிரையின் உடம்பு வெயிலில் மின்னுமே, அந்த வழவழப்புதான் இதன் அடிப்படை. அங்கிருந்து ஃபோனுக்கும் காருக்கும் வந்தது. வழுவழுப்பு, ஒல்லி, மினுமினுப்பு மூன்றும் சேர்ந்தால் ‘ஸ்லீக்’. சொரசொரப்பான மரப்பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் ‘ஸ்லீக்’ இல்லை. காற்றோ நீரோ தடையில்லாமல் வழுக்கிப் போகும் உருவம் ‘ஸ்ட்ரீம்லைண்ட்’. விமானத்தின் மூக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘மினிமலிஸ்ட்’ என்பதை ‘சிம்பிள்’ என்று மட்டும் புரிந்துகொள்வது போதாது. காசில்லாமல் எளிமையாக இருப்பது வேறு, யோசித்து யோசித்துத் தேவையில்லாததை எல்லாம் நீக்கிவிட்டு மீதியை மட்டும் வைப்பது வேறு. 1955இல் பிரவுன் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் சேர்ந்த வடிவமைப்பாளர் டீட்டர் ராம்ஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1958இல் வந்த அவருடைய டி3 (T3) சட்டைப்பை ரேடியோ ஒரு வெள்ளைப் பெட்டி. மேலே ஒலி வர வரிசையாகத் துளைகள், கீழே வட்டமாக ஒரு திருகு. அவ்வளவுதான். அந்தப் படத்தை எங்காவது தேடிப் பாருங்கள், ‘மினிமலிஸ்ட்’ என்ற சொல்லுக்கு அதைவிட நல்ல விளக்கம் என்னால் தர முடியாது. அதன் ஓரங்களைப் பற்றிப் பேச ‘கிளீன் லைன்ஸ்’ என்ற தொடர் உதவும்.

எதிர்ப்பக்கத்தில், இடத்தை அடைத்துக்கொள்வது ‘பல்க்கி’, பெரிதாகவும் கையாளத் தடையாகவும் இருப்பது ‘கிளங்க்கி’, கண்ணைக் குத்தும் பகட்டு ‘காடி’, எல்லாவற்றையும் ஒரே திரையில் திணித்திருந்தால் ‘கிளட்டர்ட்’.

‘மாடர்ன்’ பற்றி ஒரு எச்சரிக்கை. பேச்சில் அது ‘இன்றைய’ என்ற பொருளில்தான் வரும், தவறில்லை. ஆனால் கட்டடம், அறைகலன் தொழிலில் இருப்பவரிடம் ‘மாடர்ன்’ என்றால் அது 20ஆம் நூற்றாண்டு இயக்கம் ஒன்றின் பெயர். 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளி அதன் முக்கியமான ஊற்றுக்களில் ஒன்று. 1950களில் கட்டடக் கலைஞர் லெ கார்புசியே உருவாக்கத் தொடங்கிய சண்டிகர் அரசுக் கட்டடங்கள் ‘மாடர்ன் ஆர்க்கிடெக்சர்’, அவற்றுக்கு வயது எழுபது ஆனாலும். சென்னை அண்ணா சாலையில் 1959இல் திறந்த எல்ஐசி கட்டடமும் அந்த வகைதான். இன்றைய பாணிக்கு அவர்கள் சொல்லும் சொல் ‘கன்டெம்பரரி’. இன்டீரியர் டிசைன் வேலைக்குப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் மனத்தில் வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கையில் எப்படி இருக்கிறது?

யாரும் சொல்லித் தராமலே கை தானாக வழி கண்டுபிடித்தால் ‘இன்டியூட்டிவ்’. படித்துப் பார்த்தோ ஒரு முறை கேட்டோ சிரமமில்லாமல் பயன்படுத்த முடிந்தால் ‘யூசர்-ஃபிரெண்ட்லி’. இரண்டு வயதுக் குழந்தை திரையைத் தள்ளிப் படம் பார்ப்பது முதல் வகை. எழுத்து பெரிதாக, படிப்படியாகக் கேள்வி கேட்கும் ஏடிஎம் இரண்டாம் வகை. தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டான் நார்மன் என்ற அமெரிக்க வடிவமைப்பு அறிஞரின் பெயரால் அதை ‘நார்மன் டோர்’ என்பார்கள். ‘கவுன்ட்டர்இன்டியூட்டிவ்’ என்ற எதிர்ச்சொல்லை அந்தக் கதவோடு சேர்த்து நினைவில் வையுங்கள்.

‘எர்கோனாமிக்’ உடம்போடு ஒத்துப்போவது. கிரேக்க மொழியில் ‘எர்கோன்’ என்றால் வேலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1949இல், பிரிட்டனில் இது ஒரு துறையாக அமைப்புப் பெற்றது. எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் இடுப்பு வலிக்காத நாற்காலி ‘எர்கோனாமிக் சேர்’. மெத்தென்று இருப்பதெல்லாம் எர்கோனாமிக் இல்லை. மெத்தை சோஃபா ‘கம்ஃபர்ட்டபிள்’ ஆக இருந்துகொண்டே முதுகைக் கெடுக்கலாம்.

வலிமைக்கும் சொற்கள் வேறு வேறு. ஆடாமல் நின்றால் ‘ஸ்டர்டி’. நெடுநாள் உழைத்தால் ‘டியூரபிள்’. கேட்டபோதெல்லாம் தவறாமல் வேலை செய்தால் ‘ரிலையபிள்’. சாஃப்ட்வேர் எதிர்பாராத தவறான உள்ளீட்டிலும் விழாமல் நின்றால் ‘ரோபஸ்ட்’. தொட்டதும் பதில் தரும் திரை ‘ரெஸ்பான்சிவ்’. ஃபோனில் பாதி பார்த்த படம் டிவியில் அதே இடத்திலிருந்து தொடர்ந்தால் ‘சீம்லெஸ்’. ‘சீம்’ என்றால் துணியின் தையல். இணைத்த இடமே தெரியவில்லை என்று பொருள்.

ஆறாம் படி: வாக்கியமாக்குங்கள்

மூன்று பழக்கம் போதும். ஒன்று, “இட் இஸ் ஹேவிங்” என்று சொல்லாதீர்கள், “இட் ஹேஸ்” என்றே சொல்லுங்கள். இரண்டு, அடைமொழி சொன்ன கையோடு அதற்கு ஆதாரம் சொல்லுங்கள். “இட்ஸ் லைட்வெயிட்” என்பதைவிட “இட்ஸ் லைட்வெயிட், ஜஸ்ட் ஒன் கிலோ” என்பது நம்ப வைக்கும். மூன்று, அடைமொழிகளின் வரிசை. ‘பெரிய கறுப்பு மாடு’ என்கிறோம், ‘கறுப்புப் பெரிய மாடு’ என்பதில்லை. இங்கிலீஷிலும் அப்படி ஓர் ஒழுங்கு இருக்கிறது: முதலில் உங்கள் கருத்து, பிறகு அளவு, பிறகு நிறம், அப்புறம் எதனால் செய்தது. “எ ஸ்லீக், ஸ்மால், பிளாக், மெட்டல் ஸ்பீக்கர்”.

என் வகுப்பில் முதல் பயிற்சி எப்போதும் எங்கள் ஊர்ப் பொருள்தான். புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். வெறும் ‘கிரைண்டர்’ என்றால் காப்பிக்கொட்டை அரைப்பது என்று நினைப்பார்கள், ‘வெட்’டை விடாதீர்கள். பழைய பெரிய கிரைண்டரையும் மேசைமேல் வைக்கும் புதியதையும் ஒப்பிட்டு ஒரு மாணவி எழுதியது இது:

“அவர் ஓல்ட் வெட் கிரைண்டர் வாஸ் ஸ்டர்டி பட் பல்க்கி. த நியூ ஒன் இஸ் காம்பாக்ட் அண்ட் ஃபிட்ஸ் ஆன் த கிச்சன் கவுன்ட்டர். இட் ஹேஸ் எ ஸ்டெயின்லெஸ்-ஸ்டீல் டிரம், அண்ட் த ஸ்டோன்ஸ் லிஃப்ட் அவுட், ஸோ இட்ஸ் ஈசி டு கிளீன். இட்ஸ் நாட் கட்டிங்-எட்ஜ், பட் இட்ஸ் ரிலையபிள்.”

கடைசி வாக்கியத்தைப் பாருங்கள். ஒரு சொல்லை எங்கே சொல்லக்கூடாது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. இன்று உங்கள் வீட்டிலுள்ள ஒரு பொருளை எடுத்து நான்கு வாக்கியம் எழுதுங்கள். அது என்ன, எவ்வளவு புதிது, எப்படித் தெரிகிறது, கைக்கு எப்படி இருக்கிறது என்று வாக்கியத்துக்கு ஒன்றாக வரட்டும். பிறகு எழுதியதை மூடி வைத்துவிட்டு, பொருளை மட்டும் பார்த்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு பொருள்.